பலகை மாறிய பேரூர்

நாமக்கல்லிலிருந்து துறையூர் போகும் சாலையில் இருக்கிறது எருமப்பட்டி. கண்ணெதிரே கொல்லிமலை. சுற்றிலும் சின்ன வெங்காயமும் மரவள்ளியும் போட்ட காடுகள், நடுநடுவே நீளநீளமான கோழிக் கொட்டகைகள். ஊர் பெரிதல்ல. ஆனால் அரசாங்கம் இங்கே இரண்டு பலகைகளோடு நிற்கிறது. ஒன்று பேரூராட்சி அலுவலகம். ஊர்க்காரர் வாயில் இன்றும் அது ‘டவுன் பஞ்சாயத்து’. மற்றொன்று ஊராட்சி ஒன்றிய அலுவலகம், அதாவது ‘யூனியன் ஆபீஸ்’. முன்னது ஊருக்குள் குழாய், சாக்கடை, தெருவிளக்கு, வீட்டு வரி ஆகியவற்றைப் பார்க்கிறது. பின்னது சுற்றியுள்ள கிராம ஊராட்சிகளைப் பார்க்கிறது.

பேரூராட்சியின் எல்லை முடிகிற இடத்தில் கண்ணுக்குத் தெரியும் வேலி கிடையாது. இருபுறமும் ஒரே மண், ஒரே வெயில். ஆனாலும் அந்தப் பக்கத்துக்காரருக்கு ஊரக வேலை உறுதித் திட்ட அட்டை உண்டு. கிராம சபையில் எழுந்து நின்று கணக்குக் கேட்கும் உரிமை உண்டு. இந்தப் பக்கத்துக்காரருக்கு இரண்டும் இல்லை. நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கென்று ‘பகுதி சபை’ வந்ததே 2022-ல்தான். எந்த ஊர் எந்தப் பக்கம் என்பதை ஊர் முடிவு செய்வதில்லை. சென்னைக் கோட்டை முடிவு செய்கிறது.

அந்த முடிவு எவ்வளவு எளிதாக மாறும் என்பதை எருமப்பட்டி இரண்டே ஆண்டுகளில் இருமுறை பார்த்தது. 2004-ல் தமிழ்நாடு அரசு மாநிலத்தின் பேரூராட்சிகளை ஒரேயடியாக வகை மாற்றியது. முப்பதாயிரத்துக்கு மேல் மக்கள் இருந்தவை மூன்றாம் நிலை நகராட்சிகளாயின. மீதி 561 பேரூராட்சிகளும் ‘சிறப்பு ஊராட்சி’கள் ஆயின. கிராமப்புறங்களுக்கு மத்திய அரசு தரும் வளர்ச்சிப் பணம் இவற்றுக்கும் கிடைக்கும் என்பது சொல்லப்பட்ட காரணம். 2006-ல் ஆட்சி மாறியது. அதே 561 ஊர்களும் திரும்பப் பேரூராட்சிகளாயின. பணம் வேண்டும் என்ற காரணம் பொய்யல்ல. ஆனால் ‘நாங்கள் நகரமா, கிராமமா?’ என்ற கேள்விக்கு விடை சொல்லும் உரிமை அந்த ஊர்களுக்கு இரண்டு முறையும் இருக்கவில்லை.

இது 2004-ல் பிறந்த பழக்கம் அல்ல. நாமக்கல்லும் அடங்கியிருந்த பழைய சேலம் ஜில்லாவில் இதற்கு ஒன்றரை நூற்றாண்டு வயது. இதை எதிர்த்து நடந்த ஒரு பெரிய வழக்கும் இந்த மண்ணிலிருந்துதான் எழுந்தது.

நூறு ரூபாய் இழப்பீடு

சேலம் நகராட்சி 1866-ல் தோன்றியது. நகரமேம்பாட்டுச் சட்டத்தின்படி உறுப்பினர்கள் வரி போடலாம், தெரு போடலாம். ஆனால் அவர்களுக்கு மேலே கலெக்டரும், கலெக்டருக்கு மேலே சென்னைக் கவர்னரும் இருந்தார்கள். 1882 மே 18 அன்று வைசிராய் ரிப்பன் பிரபு தம் புகழ்பெற்ற தீர்மானத்தை வெளியிட்டார். ஸ்தல ஸ்தாபனங்களில் அதிகாரிகள் அல்லாதவர்களே பெரும்பான்மையாக இருக்க வேண்டும், முடிந்த இடங்களில் அவர்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும், தலைமையும் அவர்களிடம் இருக்க வேண்டும் என்றது அது. சென்னையில் மாநகராட்சிக் கட்டடம் இன்றும் அவர் பெயரில் நிற்பது அதனால்தான்.

அதே 1882-ல் சேலத்தில் சி. விஜயராகவாச்சாரியார் என்ற இளம் வழக்கறிஞர் நகராட்சி உறுப்பினரானார். செங்கற்பட்டுப் பக்கத்துப் பொன்விளைந்த களத்தூரில் பிறந்து, சேலத்துக்கு ஆசிரியராக வந்து, தாமே படித்து வக்கீலானவர். அந்த ஆண்டு ஆகஸ்டில் சேலத்தில் ஊர்வலப் பாதையும் மசூதியும் சம்பந்தப்பட்ட தகராறு பெருங்கலவரமாக வெடித்தது. கலவரத்துக்குச் சதி செய்தார் என்று விஜயராகவாச்சாரியார் மீது வழக்குப் போடப்பட்டு, பத்தாண்டுத் தண்டனையும் விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் அவர் விடுதலையானார்.

அத்தோடு அவர் ஓயவில்லை. நகராட்சி உறுப்பினர் பதவியிலிருந்து அரசாங்கம் தம்மை நீக்கியது தவறு என்று இந்திய மந்திரி மீதே வழக்குத் தொடுத்தார். லண்டனில் உட்கார்ந்து இந்தியா முழுவதையும் ஆளும் பதவி அது. எதிரே ஒரு ஜில்லா ஊரின் வக்கீல். 1884-ல் சென்னை உயர்நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. 100 ரூபாய் இழப்பீடும் கிடைத்தது.

தொகை சிறியது. ஆனால் அந்தத் தீர்ப்பு சொன்ன செய்தி சிறியதல்ல. நகராட்சியில் உட்கார்ந்திருப்பவர் கோட்டையின் வேலைக்காரர் அல்லர். அவரை அனுப்பக் கோட்டைக்கும் ஒரு சட்ட வரம்பு உண்டு. 1920-ல் நாகபுரிக் காங்கிரசுக்குத் தலைமை தாங்கியபோது நாடு அறிந்த விஜயராகவாச்சாரியாரைச் சேலம் அதற்கு முப்பத்தாறு ஆண்டுகளுக்கு முன்பே இந்த வழக்கால் அறிந்திருந்தது.

சுங்கமும் லாரியும்

அதே 1884-ல் சென்னை மாகாணத்தின் ஸ்தல போர்டுச் சட்டம் வந்தது. ஜில்லா போர்டு, தாலுகா போர்டு, சில கிராமங்களைச் சேர்த்துக் கட்டிய யூனியன் என்று மூன்று அடுக்குகள். யூனியன்கள் வீட்டு வரி வாங்கித் தெருவைக் கூட்டி விளக்கேற்றின. ‘யூனியன்’ என்ற சொல் நம் கிராமங்களின் பேச்சில் புகுந்த கதை அங்கே தொடங்குகிறது. ஆனால் ஜில்லா போர்டின் தலைவர் யார்? கலெக்டர். ரிப்பன் சொன்னதில் பாதியை மட்டும் சட்டம் ஏற்றுக்கொண்டிருந்தது.

1920-ல் இரட்டையாட்சி வந்ததும் ஸ்தல சுயாட்சி, மாகாண மந்திரிகளாக வந்த இந்தியர்களின் கைக்கு மாறியது. இனி வேறு காற்று வீசும் என்று பலர் நம்பினர். நடந்தது என்ன? போர்டுகளுக்கு உறுப்பினர்களை நியமிக்கும் அதிகாரம் மந்திரியின் பெரிய ஆயுதமாயிற்று. வேண்டியவரை உள்ளே வைக்கவும் வேண்டாதவரைத் தள்ளவும் அது பயன்பட்டது. திருச்செங்கோட்டை அடுத்த குமாரமங்கலம் ஜமீன்தார் ப. சுப்பராயன் 1926 முதல் 1930 வரை முதன் மந்திரியாக இருந்தார். அவர் காலத்தின் இறுதியில், 1930-ல், அந்த நியமன முறை ஒழிந்தது. ஆனால் மூன்றே ஆண்டுகளில், 1933-ல், நகராட்சிகளின் நிர்வாகத்துக்கு அரசாங்கமே கமிஷனர்களை அமர்த்தச் சட்டம் திருத்தப்பட்டது. அடுத்த ஆண்டு தாலுகா போர்டுகளே கலைக்கப்பட்டன. ஒரு கதவைத் திறந்த கை அடுத்த கதவைச் சாத்தியது.

இந்தக் காலத்தில் இன்னொன்றும் கைமாறியது: சுங்கச் சாவடி. மாட்டுவண்டிக் காலத்தில் சாலையில் சுங்கம் வசூலிப்பது போர்டுகளின் சொந்த வருமானம். மோட்டார் வண்டிகள் பெருகியதும் 1931-ல் மாகாண அரசு மோட்டார் வாகன வரிச் சட்டம் கொண்டுவந்தது. சுங்கம் நீக்கப்பட்டது, அதற்கு ஈடாகப் போர்டுகளுக்குப் பணம் தரப்படும் என்றது அரசு. வண்டிக்காரர்களுக்கு இது நிம்மதி. ஆனால் போர்டு தன் கையால் வசூலித்த காசு, மேலிடத்தில் கேட்டுப் பெறும் காசாயிற்று. பின்னாளில் நாமக்கல் லாரிகளின் ஊராயிற்று. லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறைகள் சாலையோரம் எங்கும் பெருகின. அந்த லாரிகள் கட்டும் வரி மாநிலத்துக்குப் போகிறது; அவை தேய்க்கும் ஊர்ச் சாலைக்கு மானியம் மேலிருந்து வர வேண்டியிருக்கிறது. இன்று மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் சுமார் 10 விழுக்காடு உள்ளாட்சிகளுக்குப் பகிரப்படுகிறது. எவ்வளவு, எப்போது, எந்த நிபந்தனையோடு என்பதைச் சொல்வது மாநிலம்.

நகராட்சித் தலைவர் கோட்டைக்குப் போனபோது

சேலம் நகராட்சியிலிருந்து கோட்டைக்குப் போனவர்களில் பெரியவர் ராஜாஜி. 1911-ல் நகராட்சி உறுப்பினர். 1917 முதல் 1919 வரை அதன் தலைவர். 1925-ல் திருச்செங்கோடு பக்கம் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் அமைத்தார். கதர் நூற்றுக் கொண்டிருந்த அந்த ஆசிரமத்திலிருந்து ‘விமோசனம்’ என்ற மதுவிலக்கு மாத இதழ் வந்தது. கல்கி அதில் அவருக்குத் துணையிருந்தார். குடி ஒரு குடும்பத்தை என்ன செய்யும் என்பதைக் கிராமத்தில் இருந்தே பார்த்தவர் ராஜாஜி.

1937-ல் அவர் சென்னை மாகாணத்தின் பிரதமரானார். அந்த ஆண்டு அக்டோபர் 1 அன்று சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு அமலுக்கு வந்தது. மாகாணத்திலேயே முதல் ஜில்லா. நாமக்கல், திருச்செங்கோடு, ராசிபுரம் எங்கும் கள்ளுக்கடைகளும் சாராயக் கடைகளும் மூடப்பட்டன. கடையை மூடியதால் போன வருமானத்தை ஈடுகட்ட 1939-ல் விற்பனை வரிச் சட்டம் வந்தது.

ஒரு ஊரின் துயரம் கோட்டையின் காதில் விழுந்தால் எவ்வளவு பெரிய காரியம் நடக்கும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று இல்லை. ஆனால் இதே நிகழ்ச்சி மற்றொன்றையும் நிறுவியது. கடையை மூடும் அதிகாரம் ஊரிடம் வரவில்லை, சட்டசபையிடம் இருந்தது. மூடும் அதிகாரம் எவரிடமோ, திறக்கும் அதிகாரமும் அவரிடமே. மதுவிலக்கு 1948-ல் மாகாணம் முழுக்கப் பரவியது, 1971-ல் தளர்ந்தது, மீண்டும் வந்தது, மீண்டும் போனது. 1983-ல் டாஸ்மாக் நிறுவனம் பிறந்தது. 2003-ல் மதுச் சில்லறை விற்பனை முழுவதையும் அரசே எடுத்துக்கொண்டது. எந்தச் சேலம் ஜில்லாவில் முதன்முதலாகக் கடைகள் மூடப்பட்டனவோ, அதன் கிராமங்களில் அரசே கடை நடத்தியது.

‘தரலாம்’ என்ற சொல்

அரசியல் நிர்ணய சபையில் முதல் வரைவில் பஞ்சாயத்து என்ற பேச்சே இல்லை. 1948 நவம்பரில் அம்பேத்கர், கிராமங்களைச் சாதியும் குறுகிய புத்தியும் குடியிருக்கும் இடங்களாகக் கண்டு கடுமையாகப் பேசினார். அதே மாதம் சென்னை மாகாணத்தைச் சேர்ந்த கே. சந்தானம் கொண்டுவந்த திருத்தத்தால் பஞ்சாயத்துகளை அமைப்பது அரசின் வழிகாட்டும் நெறிகளில் 40-ஆவது உறுப்பாக நுழைந்தது. ஆனால் ‘உள்ளாட்சி’ என்ற பொருள் மாநிலப் பட்டியலில் போய்ச் சேர்ந்தது. அதாவது, ஊராட்சி எப்படி இருக்க வேண்டும் என்று சட்டமன்றம் சொல்ல வேண்டும்.

சென்னை மாநிலம் அதைத் தாராளமாகவே தொடங்கியது. காமராஜர் ஆட்சியில் 1958-ஆம் ஆண்டுப் பஞ்சாயத்துச் சட்டம் வந்தது. பழைய ஜில்லா போர்டுகள் போய், ஊராட்சி ஒன்றியங்கள் வந்தன. 1961-க்குள் மாநிலம் முழுதும் பரவின. தொடக்கப் பள்ளி, சிறு பாசனம், கிராமச் சாலை, குடிநீர் எல்லாம் ஒன்றியத்தின் பொறுப்பு. ஆசிரியர்களுக்குச் சம்பளம் கொடுத்ததும் ஒன்றியம்தான். 1981-ல் ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் அரசு ஊழியர்களாக்கப்பட்டனர். ஒன்றியத் தலைவர்களின் தயவில் இருக்க வேண்டியிருந்த ஆசிரியர்கள் நெடுநாளாகக் கேட்டது அது. அவர்கள் பக்கம் நியாயம் இருந்தது. ஆனாலும் ஒன்றியத்தின் பெரிய பொறுப்பு ஒன்று அன்று போனது.

பொறுப்புகள் போனதைவிடப் பெரிய இழப்பு, தேர்தலே போனது. 1970-க்குப் பிறகு ஊராட்சித் தேர்தல் 1986-ல்தான் நடந்தது. பதினாறு ஆண்டுகள். 1991-ல் அந்தப் பதவிக்காலமும் முடிய, மறுபடி அரசு அமர்த்திய தனி அலுவலர்கள். ஒரு தலைமுறை, ஊராட்சித் தலைவர் என்றால் யார் என்று தெரியாமலே வாக்குரிமை வயதை எட்டியது.

இந்த நிலையை மாற்றவே 1993-ல் அரசியல் சட்டத்தின் 73, 74-ஆவது திருத்தங்கள் நடைமுறைக்கு வந்தன. ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தல் கட்டாயம். பெண்களுக்கும் பட்டியல் இனத்தவருக்கும் இட ஒதுக்கீடு. தேர்தலை நடத்தத் தனி ஆணையம். நிதிப் பங்கீட்டுக்குத் தனி ஆணையம். ஊராட்சிகளுக்குரிய 29 பொருள்களின் பட்டியலும் சேர்ந்தது. ஆனால் 243ஜி உறுப்பின் வாசகம், ஊராட்சிகளுக்கு இந்த அதிகாரங்களை மாநிலச் சட்டமன்றம் ‘தரலாம்’ என்கிறது. ‘தர வேண்டும்’ என்று சொல்லவில்லை. கடந்த முப்பது ஆண்டுச் சண்டை முழுவதும் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கியிருக்கிறது.

1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தைப் பிரித்துப் பார்த்தால் அது புரியும். 202-ஆவது பிரிவு ஊராட்சியின் தீர்மானத்தை நிறுத்திவைக்கவோ ரத்து செய்யவோ வழி தருகிறது. 203 கலெக்டருக்கு அவசர அதிகாரம் தருகிறது. 205 தலைவரைப் பதவி நீக்கும் வழியைச் சொல்கிறது. ஆயிரக்கணக்கானோர் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த தலைவர் மேல் நடவடிக்கை எடுக்கும் அதிகாரம், தேர்வு எழுதி வந்த அதிகாரியிடம் இருக்கிறது.

மேலிடத்தின் கை எப்போதுமே கெடுதல் செய்தது என்று சொல்வது உண்மைக்கு மாறானது. 1996-ல் மதுரை மாவட்டம் மேலவளவு ஊராட்சி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டபோது ஊரின் ஆதிக்க சாதியார் அதை ஏற்கவில்லை. தலைவராகத் தேர்வான முருகேசன் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்டார். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்கச்சியேந்தல் ஆகிய ஊர்களில் பத்தாண்டு காலம் தலித் தலைவர் பதவியேற்று நிலைக்க முடியவில்லை. 2006-ல் மாநில அரசும் மாவட்ட நிர்வாகமும் முனைந்து நின்ற பிறகே அங்கே தேர்தல் முறையாக நடந்தது. ‘ஊர் முடிவு’ என்ற பெயரில் ஊரின் பாதியை ஒடுக்குவது உள்ளாட்சி ஆகாது. அம்பேத்கரின் அச்சம் வெறும் கற்பனை அல்ல. ஆனால் இந்தக் காரணத்துக்காகத் தலையிட்ட தருணங்கள் குறைவு. வருமானத்துக்காகவும் கட்சிக்காகவும் தலையிட்டவை அதிகம்.

சாலையைத் தத்துக் கொடுத்த கதை

மதுக்கடை விஷயத்தில் இது அப்பட்டமாகத் தெரிந்தது. 2003-ஆம் ஆண்டின் மதுச் சில்லறை விற்பனை விதிகளின்படி, மாநகராட்சி, நகராட்சிகளில் பள்ளிக்கும் கோயிலுக்கும் 50 மீட்டருக்குள் கடை வைக்கக் கூடாது. மற்ற இடங்களில் 100 மீட்டர். ஆக, ஊரின் பலகை மாறினால் பள்ளிக்கூடத்துக்கும் சாராயக் கடைக்கும் இடையே சட்டம் கேட்கும் தூரமும் பாதியாகிவிடும். கடை வைக்கும் முன் கிராம சபையின் ஒப்புதல் வாங்க வேண்டும் என்று அந்த விதிகளை எழுதியவர்கள் எழுதவில்லை. மகாராஷ்டிரத்தில் பெண் வாக்காளர்களில் பாதிக்கு மேல் எதிர்த்து வாக்களித்தால் கடையை மூடும் முறை இருக்கிறது. தமிழ்நாட்டில் பெண்கள் கிராம சபையில் தீர்மானம் போட்டார்கள், கலெக்டரிடம் மனு கொடுத்தார்கள், கடை முன் உட்கார்ந்தார்கள்.

2016 டிசம்பர் 15 அன்று உச்ச நீதிமன்றம் தேசிய, மாநில நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று தீர்ப்பளித்தது. பிறகு, இருபதாயிரமும் அதற்குக் குறைவுமாக மக்கள் வாழும் உள்ளாட்சிகளில் அந்தத் தூரம் 220 மீட்டராகக் குறைக்கப்பட்டது. எருமப்பட்டி போன்ற சிறு பேரூர்களுக்கு அந்த அளவுதான். 2017 ஏப்ரல் 1 முதல் தமிழ்நாட்டில் 3,000-க்கும் மேற்பட்ட கடைகள் மூடப்பட்டன. மூடிய கடைகளை ஊர்களுக்குள் கொண்டுபோகும் முயற்சி உடனே தொடங்கியது. திருப்பூர் மாவட்டம் சாமளாபுரத்தில் போராடிய பெண்ணைக் காவல் அதிகாரி கன்னத்தில் அறைந்த காட்சி நாடெங்கும் பரவியது அந்த ஏப்ரலில்தான்.

அதே மாதம் அரசு வேறொரு வழியும் தேடியது. ஊர்களுக்குள் ஓடும் நெடுஞ்சாலைத் துண்டுகளை உள்ளாட்சிகளே ஏற்றுக்கொள்வதாகத் தீர்மானம் போட்டால், அவை நெடுஞ்சாலை அல்லாமல் உள்ளாட்சிச் சாலைகள் ஆகிவிடும். கடைகள் பழைய இடத்திலேயே திறக்கலாம். இதற்கான அறிவுறுத்தல் உள்ளாட்சிகளுக்குப் போனது. அப்போது தமிழ்நாட்டின் எந்த உள்ளாட்சியிலும் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லை. 2016 அக்டோபரில் நடக்கவிருந்த தேர்தலை, பழங்குடியினர் இட ஒதுக்கீடு பற்றிய வழக்கில் சென்னை உயர்நீதிமன்றம் ரத்து செய்திருந்தது. எங்கும் தனி அலுவலர்கள் ஆட்சி. தீர்மானம் போட வேண்டிய மன்றத்தின் இடத்தில் அரசு அமர்த்திய அலுவலரே இருந்தார். கேட்பதும் அரசு, ஒப்புவதும் அரசு. வழக்கு உயர்நீதிமன்றம் போனது. அப்படி மாற்றிய சாலைகளில் மூன்று மாதத்துக்குக் கடை திறக்கக் கூடாது என்று நீதிமன்றம் தடுத்தது. ஜூலையில் உச்ச நீதிமன்றம், தன் தீர்ப்பு நகராட்சி எல்லைக்குள் உள்ள கடைகளைக் கட்டுப்படுத்தாது என்று விளக்கியது.

குடிநீர்க் குழாய்க்கு ஆண்டுக்கணக்கில் காத்திருந்த உள்ளாட்சிகளுக்கு, கேட்காமலே ஒரே வாரத்தில் சாலை கொடுக்கப் பார்த்தார்கள்.

எருமப்பட்டியிலிருந்து பார்த்தால் தெரியும் கொல்லிமலையில் பழங்குடியினர் வாழ்கிறார்கள். 1996-ல் நாடாளுமன்றம் இயற்றிய பெசா சட்டம், அரசியல் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணையில் வரும் பழங்குடிப் பகுதிகளில் மதுவைத் தடுக்கும் அதிகாரத்தைக் கிராம சபைக்கும் ஊராட்சிக்கும் தரச் சொல்கிறது. தமிழ்நாட்டில் ஐந்தாம் அட்டவணைப் பகுதி என்று எந்த மலையும் அறிவிக்கப்படவில்லை. ஆகவே ஒடிசா மலையில் பழங்குடிக் கிராமத்துக்குக் கிடைக்கும் அந்தச் சட்டப் பாதுகாப்பு கொல்லிமலைக்குக் கிடையாது. ஒடிசாவின் நியமகிரியில் 2013-ல், உச்ச நீதிமன்றம் கேட்கச் சொன்னதால், 12 கிராம சபைகள் கூடின. பன்னிரண்டும் பாக்சைட் சுரங்கம் வேண்டாம் என்றன. சுரங்கம் வரவில்லை.

கிராம சபையின் குரல் தமிழ்நாட்டிலும் வென்றதுண்டு. மதுரை அருகே அரிட்டாபட்டியில் டங்ஸ்டன் சுரங்கம் கூடாது என்று 2024 நவம்பரில் கிராம சபைகள் தீர்மானம் போட்டன. டிசம்பரில் சட்டமன்றமும் தீர்மானம் போட்டது. அடுத்த ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. காஞ்சிபுரம் பக்கம் ஏகனாபுரத்திலோ, பரந்தூர் விமான நிலையத்தை எதிர்த்து 2022 முதல் கிராம சபை மீண்டும் மீண்டும் தீர்மானம் போட்டது. மாநில அரசு திட்டத்தைக் கைவிடவில்லை. இரண்டு ஊர்களும் ஒரே சட்டப்படி கூடின, ஒரே மாதிரிப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டன. அரிட்டாபட்டியில் மாநில அரசு ஊரோடு நின்றது; ஏகனாபுரத்தில் எதிரே நின்றது.

இந்த இழுபறி நமக்கு மட்டும் உரியதல்ல. 1868-ல் அமெரிக்காவின் அயோவா மாநில நீதிபதி ஜான் டில்லன், நகரங்கள் மாநிலச் சட்டமன்றத்தின் படைப்பே, அது தந்த அதிகாரமே அவற்றுக்கு உண்டு என்று வகுத்தார்; அந்த விதி இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. 2014 நவம்பரில் டெக்சாசின் டென்டன் நகர மக்கள், பாறையை உடைத்து எரிவாயு எடுக்கும் தொழில் ஊர் எல்லைக்குள் வேண்டாம் என்று வாக்களித்தார்கள். ஆறே மாதத்தில் மாநிலச் சட்டமன்றம் சட்டம் போட்டு அந்தத் தடையைச் செல்லாததாக்கியது. 1986-ல் பிரிட்டன் அரசு லண்டன் பெருநகர மன்றத்தையே கலைத்துவிட்டது.

காலியான நாற்காலி

2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த நாமக்கல் மாவட்டத்தின் ஊராட்சிகளுக்கு 2019 டிசம்பரில் தேர்தல் நடந்தது. எருமப்பட்டி பேரூராட்சிக்கோ 2022 பிப்ரவரி வரை நடக்கவில்லை. ஐந்தாண்டுக்கும் மேலாக ஊரின் வரிப்பணம் மக்கள் தேர்ந்தெடுக்காதவர் கையெழுத்தில் செலவானது. தேர்தல் வந்தபோதும் விதி மாறியிருந்தது. 2011-ல் பேரூராட்சித் தலைவரை வாக்காளர்களே நேராகத் தேர்ந்தெடுத்தார்கள். 2022-ல் கவுன்சிலர்கள் கூடித் தேர்ந்தெடுத்தார்கள். 2006-லும் கவுன்சிலர்கள்தான், 2001-ல் மக்கள். தங்கள் தலைவரைத் தாங்களே தேர்ந்தெடுக்கலாமா கூடாதா என்பதை ஒவ்வொரு முறையும் கோட்டை சொல்லித்தான் ஊர் தெரிந்துகொண்டது.

2024-ல் நாமக்கல் மாநகராட்சி ஆனது. அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் மாநிலமெங்கும் நகரங்களை விரிவாக்கவும் சுற்றுக் கிராமங்களைச் சேர்க்கவும் அரசு ஆணைகள் வந்தன. பல ஊர்களில் பெண்கள் சாலைக்கு வந்தார்கள். நூறு நாள் வேலை போகும், வீட்டு வரி ஏறும் என்பது அவர்கள் கவலை. அது கணக்குத் தெரிந்தவர்களின் கவலை. நகரத்தோடு சேர்ந்தால் நல்ல சாலையும் பாதாளச் சாக்கடையும் வரலாம். ஆனால் அது எப்போது வரும் என்று யாரும் தேதி சொல்லவில்லை. வேலை அட்டை போகும் நாள் மட்டும் உறுதி.

2025 ஜனவரி 5. நாமக்கல் உள்ளிட்ட 28 மாவட்டங்களில் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட ஊராட்சிகளின் பதவிக்காலம் ஒரே நாளில் முடிந்தது. ஐந்தாண்டு முடியும் முன்பே அடுத்த தேர்தல் நடக்க வேண்டும் என்பது அரசியல் சட்டம். அதைத் தள்ளிப்போடக் கூடாது என்று 2006-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. தேர்தல் நடக்கவில்லை. சட்டமன்றம் திருத்தம் ஒன்றை நிறைவேற்றியது. தனி அலுவலர்கள் வந்தார்கள். 1884-ல் சேலத்தின் ஒரே ஒரு உறுப்பினரை நீக்கியதற்கு அரசாங்கம் நூறு ரூபாய் கொடுக்க நேர்ந்தது. இந்த ஆயிரக்கணக்கான நாற்காலிகள் காலியானதற்கு எவரும் எதுவும் கொடுக்கவில்லை.

கிராம சபைகள் நிற்கவில்லை. குடியரசு நாள், மே தினம், விடுதலை நாள், காந்தி பிறந்த நாள் உள்ளிட்ட நாள்களில் எருமப்பட்டி ஒன்றியத்தின் கிராமங்களிலும் அவை கூட வேண்டும் என்பது விதி. தண்ணீர் ஏறாத தொட்டி, எரியாத விளக்கு, மூட வேண்டிய கடை எல்லாம் வழக்கம்போல் தீர்மானப் பதிவேட்டில் ஏறும். கீழே ஊர்க்காரர்கள் வரிசையாகக் கையெழுத்தும் கைநாட்டும் வைப்பார்கள். தலைவர் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் தனி அலுவலரின் முத்திரை.